முனிராஜ் லீவு கேட்கவில்லை

1

இந்த ஊரில் எனக்கு என் அப்பாவின் பெயர். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார்கள் என்பதால், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஜப்பானில் வெளியார் யாரும் ஒருவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குடும்பப் பெயர்தான். வங்கியில், மருத்துவமனையில், நகர அலுவலகத்தில் எல்லா இடத்திலும் நான் "பெருமாரு-சான்". ளகரம் அவர்கள் வாய்க்கு வராது. பெருமாள் என்பவர் தருமபுரிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துபோனவர். வந்த புதிதில் அந்தப் பெயரைக் கேட்டால் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். இப்போது நானே எழுந்து போய்விடுகிறேன்.

போன மாதம் இந்த மலையூருக்குக் குடிவந்ததைப் பதிவு செய்ய ஊர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் படிவத்தை வரிவரியாகப் படித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் "ஹாய், ஹாய்" என்றாள். ஹாய் என்றால் ஆமாம். வேலை முடிந்தது என்று பேனாவைப் பைக்குள் வைத்தேன். அவள் புன்னகையோடு படிவத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். பழைய ஊரை விட்டுக் கிளம்பியதற்கு அந்த ஊர் அலுவலகம் தரும் காகிதம் இல்லாமல் எதுவும் நடக்காதாம். அவளுடைய ஹாய்க்கு, நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்று மட்டும்தான் பொருள். பதினான்கு ஆண்டுகள் இங்கே இருந்தும் இந்தத் தவறைச் செய்கிறேன்.

இதே தவறை, வேறு ஒரு சொல்லில், ஓசூரில் ஒருமுறை செய்தேன். அதில் ஒருவர் இறந்தார். அதற்கு அப்புறம் செய்தது தவறு இல்லை, பொய். இதுவரை வெந்நீர் ஊற்று, செர்ரிப் பூ, ரயில் நேரம் தவறாமை என்று இந்தத் தொடரில் உங்களுக்கு எழுதி வந்தவன் இந்த முறை அதை எழுதுகிறேன்.

2

நான் இருப்பது பழைய வெந்நீர் விடுதி ஒன்றில். அந்தக் காலத்தில் விவசாயிகள் அறுவடை முடிந்ததும் அரிசி மூட்டையோடு வந்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, வாரக்கணக்கில் வெந்நீரில் கிடந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு போவார்களாம். இப்போது அப்படி வர ஆள் இல்லை. அதனால் மடிக்கணினியோடு வருகிறவர்களுக்கு மாத வாடகைக்கு அறை விடுகிறார்கள். பாய் விரித்த அறை, முழங்கால் உயர மேசை, கீழே பொதுச் சமையலறை. முதல் நாள் கடுகு தாளித்தபோது புகை எச்சரிக்கை மணி அடித்து, விடுதிக்கார அம்மாள் ஈரத் துண்டோடு ஓடி வந்தார். ரசத்தைக் குடித்துப் பார்த்துவிட்டு, இது மருந்தா என்று கேட்டார்.

விடுதிக்குப் பின்னால் பாறை இடுக்குகளில் நாள் முழுக்க ஆவி கிளம்பும். மரம் முளைக்காத வெள்ளை நிலம். கந்தக நாற்றம். அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ஜிகோகு. நரகம் என்றே அர்த்தம். "நரகத்துப் பக்கம் போய் முட்டை அவித்துக்கொண்டு வருகிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

என் வேலை ஓசூரில் நடக்கிறது. ஒரு காலத்தில் நான் உற்பத்தி மேலாளராக இருந்த உதிரிபாகத் தொழிற்சாலைக்கு இப்போது தொலைவிலிருந்து ஆலோசகர். அங்கே காலை ஆறு மணி ஷிப்ட் தொடங்கும்போது எனக்கு ஒன்பதரை. லைன் சூப்பர்வைசர் பாண்டி கையில் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருவார். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பேன். பாண்டி மதுரைப் பக்கத்துக்காரர், இருபது வருடமாக மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறார்.

"என்ன சார், வெந்நியில முங்கிட்டு வந்துட்டீகளா?"

"ஆச்சுப்பா."

"நல்ல பொழப்பு சார். இங்க எங்க தெருவுல குழாயத் தொறந்தா காத்துதான் வருது. அதுவும் பச்சக் காத்து."

3

விடுதியில் ஊற்றைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தினமும் காலை ஏழு மணிக்குக் குழாய்க் கொட்டகைக்குள் போய், ஒவ்வொரு வால்வாக விரலை நீட்டிக் காட்டி, உரக்க "யோஷி!" என்பார். பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று பொருள். இந்த வழக்கம் ஜப்பான் முழுக்க உண்டு. காலி பிளாட்பாரத்தில் ரயில்வே ஊழியர் ஒற்றை ஆளாக நின்று விரலை நீட்டிக் கத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கிழவர் கடைசியாகக் கொட்டகை வாசலில் உள்ள கல்படி ஒன்றைக் காட்டி "யோஷி" என்பார். அந்தப் படியில் வால்வு இல்லை, மீட்டர் இல்லை, ஒன்றுமே இல்லை. அங்கே எதைச் சரிபார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்லை என்பதை" என்றார்.

"யாராவது இருப்பார்களா?"

"ஒரு நாள் இருந்தார்." ஊற்றிலிருந்து வரும் விஷவாயு கொட்டகைக்குள் தேங்குமாம். அவரோடு வேலை செய்தவர் வெளியே வந்து அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார். ஓய்வெடுக்கிறார் என்று இவர் நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது உயிர் இல்லை.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறியிருந்தால் எனக்கு இவ்வளவு குளிர்ந்திருக்காது.

4

இந்த விரல் நீட்டும் முறையை ஓசூர் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவன் நான்தான். ஜப்பானியப் பயிற்சியாளர் ஒருவர் வந்து, பிரஸ்ஸை ஓட்டுமுன் பாதுகாப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி "யோஷி" என்று கத்தச் சொன்னார். லைனே சிரித்தது. ஏழாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர் முனிராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ்.

"யோசின்னா? மெசினை நிறுத்திட்டு யோசிக்கணுமா சார்?"

பயிற்சியாளருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல முடியவில்லை. "யோஷி" வேண்டாம், "சரி" என்று வைத்துக்கொள்வோம் என்று நான் முடிவு செய்தேன். தமிழிலும் சரி, கன்னடத்திலும் சரி, தெலுங்குக்காரருக்கு சரே. மூன்று மொழிக்கும் ஒரே சொல். அந்த யோசனைக்காக எனக்குக் கைதட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

அடுத்த ஆண்டு, ஒரு மதியம், ஷிப்ட் மாறும் நேரம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. முனிராஜ்.

"சார், ஏழுல லைட் கர்ட்டனைக் கட் பண்ணி வெச்சிருக்காங்க. ஓட்டட்டுமா, நிறுத்தட்டுமா?"

லைட் கர்ட்டன் என்பது பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் இருக்கும் ஒளித்தடுப்பு. கை உள்ளே போனால் அந்தக் கணமே இயந்திரம் நின்றுவிடும். அது அடிக்கடி காரணமில்லாமல் லைனை நிறுத்துகிறது என்று யாரோ அதைத் துண்டித்து வைத்திருக்கிறார்கள். எதிரே இருந்த விருந்தாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சரி" என்று சொல்லி போனை வைத்தேன்.

காதில் விழுந்தது, அப்புறம் பேசலாம் என்ற அர்த்தத்தில் சொன்னேன். ஓட்டலாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டில் எது என்று கேட்ட மனிதருக்குச் சரி என்பது பதிலே இல்லை. இருபது நிமிடத்தில் சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்தவர் மீது பிரஸ் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார்.

போன் பதிவில் பதினொரு விநாடி அழைப்பு ஒன்று இருந்தது. கம்பெனி விசாரணையில் அதைக் காட்டி, என்ன பேசினார் என்று கேட்டார்கள். "நாளைக்கு லீவு கேட்டார். சரி என்றேன்" என்றேன். யோசித்துச் செய்த பொய் இல்லை. வாயில் தயாராக இருந்தது. பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தும் தன்னிச்சையாக இயக்கினார் என்று அறிக்கை எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதத்தில் எனக்கு ஜப்பானில் வேலை கிடைத்தது. நீங்கள் படித்த செர்ரிப் பூ எல்லாம் அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் பூத்தவை.

5

என் மகள் அகிலா குடும்பத்தோடு யோகோஹாமாவில் இருக்கிறாள். பேத்தி மீனுவுக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது தமிழ் மூன்று வாக்கியம் தாங்கும். அதற்குமேல் ஜப்பானியத்துக்கு வழுக்கிவிடுவாள். போன மாதம் திடீரென்று கேட்டாள்.

"தாத்தா, நீங்க சரி சொன்னா அது ஹாயா, யோஷியா?"

"ரெண்டும்தான்மா."

"ரெண்டும் இருக்க முடியாது. ஹாய் காது. யோஷி கண்ணு." தன் காதையும் கண்ணையும் தொட்டுக் காட்டினாள்.

"சரி" என்றேன்.

"பாருங்க! இது எது?"

அகிலா பின்னாலிருந்து சிரித்தாள். "அவளுக்குப் பதில் சொல்லுங்கப்பா, விடமாட்டா." நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி அணைத்துவிட்டேன்.

அதே வாரம்தான் ஹெட்போனில் அது கேட்கத் தொடங்கியது. பாண்டி டேப்லெட்டைக் காட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு ஆபரேட்டரும் விரலை நீட்டி "சரி" என்பார். ஏழாம் நம்பருக்கு வந்ததும் ஆபரேட்டர் ஒருமுறை சொல்வார். எனக்கு இரண்டு முறை கேட்கும். இரண்டாவது சற்றுத் தாமதமாக, கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

"பாண்டி, எதிரொலி அடிக்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே சார். நெட்டு லொள்ளு பண்ணுதோ என்னமோ."

ஹெட்போனை மாற்றினேன். விடுதிக்கார அம்மாளிடம் சொல்லி வைஃபை பெட்டியைக்கூட மாற்றினேன். மற்ற பிரஸ்களில் எதிரொலி இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். ஏழாம் நம்பர் ஆபரேட்டர்கள் சரி சொன்னதும் பட்டனை அழுத்துவதில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்கிறார்கள்.

"ஏன் நிக்கிறாங்க?"

பாண்டி டேப்லெட்டைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அது ஒரு பழக்கம் சார். முனிராஜண்ணன் போனதுக்கப்புறம் வந்தது. சரி சொல்லிட்டு ஒரு மூச்சு காத்திருப்பாய்ங்க."

"எதுக்கு?"

"பதிலுக்கு."

நான் சிரிக்க முயன்றேன். "பதில் வந்தாத்தான் ஓட்டுவாங்களா?"

"ஐயய்ய, தலைகீழ் சார். பதில் வரலேன்னா ஓட்டலாம். யாராச்சும் பதிலுக்குச் சரின்னா நிறுத்திரணும். அண்ணன் ஓட்டாதங்கறார்னு அர்த்தம். இன்னை வரைக்கும் யாருக்கும் கேட்டதில்ல."

எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. பன்னிரண்டு காலைகள் அதைக் கேட்டுவிட்டு, பன்னிரண்டு முறையும் வாயை மூடிக்கொண்டு எட்டாம் நம்பருக்குப் போனேன்.

6

"சார், புதுசா ஒரு பாப்பா சேந்திருக்கு. டிப்ளமோ. ஏழுல பழகுது. யாருன்னு தெரியுதா பாருங்க" என்று பாண்டி ஒரு நாள் டேப்லெட்டை நீட்டினார். பச்சைச் சீருடை, தலையில் தொப்பி, நீண்ட முகம். தெரிந்தது.

"வணக்கம் சார். மஞ்சுளா. முனிராஜ் பொண்ணு."

அவர் இறந்தபோது இவளுக்கு ஆறு வயது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நல்லா இரும்மா என்று ஏதோ.

"சார், ஒண்ணு கேக்கலாமுங்களா? எங்கப்பா கடைசியா உங்ககிட்டத்தான் பேசினாருன்னு சொல்வாங்க. லீவு கேட்டாராமே. எதுக்குன்னு ஏதாவது சொன்னாருங்களா?"

"ஏம்மா?"

"எங்கம்மா இன்னும் கேட்டுட்டே இருக்காங்க சார். எங்களை எங்கியோ கூட்டிட்டுப் போறதுக்குத்தான் லீவு போட்டிருப்பாருன்னு. ஒவ்வொரு வருசமும் அப்பா போன நாளுக்கு மறுநாள், அந்த லீவு நாள், பையில துணியெல்லாம் எடுத்து வெச்சுக்குவாங்க. அப்பா சட்டை ஒண்ணும் வெப்பாங்க. சாயங்காலம் வரைக்கும் வாசலப் பாத்து உக்காந்திருப்பாங்க. அப்புறம் பையைப் பரண் மேல ஏத்திருவாங்க. எந்த ஊருன்னு தெரிஞ்சா ஒரு தடவை போயிட்டாவது வந்துரலாம்னு இருக்கோம்."

பாண்டி பக்கத்திலிருந்து, "அட விடு பாப்பா. காரணம் கேக்காம சார் யாருக்கும் லீவு குடுத்ததே இல்ல. அண்ணனுக்கு மட்டும் குடுத்திருக்காரு, அதிர்ஷ்டம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் டேப்லெட்டை அவர் உடனே அசைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

மறுநாள் காலை வெந்நீரிலிருந்து வெளியே வந்து, தலை சுற்றியதால் கொட்டகை வாசலில் உட்கார்ந்தேன். எந்தப் படி என்று யோசிக்கவில்லை. கிழவர் உள்ளே வால்வுகளை முடித்துக்கொண்டு வந்தார். விரலை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். "யோஷி" என்றார். என்னைத் தாண்டி நடந்து போனார்.

ஆவி அடர்த்தியாக இருந்தது, அவருக்குக் கண்பார்வையும் குறைவு. இரண்டும் உண்மை. ஆனாலும் அறைக்குப் போய் நான் முதலில் செய்தது கண்ணாடியில் முகத்தைப் பார்த்ததுதான்.

ஒன்பதரை மணிக்கு ஹெட்போன் மாட்டினேன். ஏழாம் நம்பரில் மஞ்சுளா. லைட் கர்ட்டனைக் காட்டினாள். கம்பித் தடுப்பைக் காட்டினாள். "சரி" என்றாள். காத்திருந்தாள்.

என் காதில் இரண்டாவது சரி கேட்டது. இந்த முறை தாமதமே இல்லை. பட்டனை நோக்கி அவள் கை போனது.

"நிறுத்துங்க" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. விடுதியின் காகிதக் கதவுக்கு அப்பால் யாருடைய காலடியோ சட்டென்று நின்றது.

மஞ்சுளா கையை எடுத்தாள். பாண்டி பதறிப்போய், "என்ன சார், என்ன தெரிஞ்சது?" என்றார்.

"மெசினுக்கு ஒண்ணுமில்ல. மஞ்சுளா, உங்கப்பா லீவு கேக்கல."

அவள் தொப்பியைக் கழற்றினாள்.

"அப்போ என்ன கேட்டாரு?"

"லைட் கர்ட்டனைக் கட் பண்ணி வெச்சிருக்காங்க, ஓட்டட்டுமா நிறுத்தட்டுமான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"எதுக்கு சரி சார்?"

நான் கேள்வியைக் கவனிக்கவே இல்லை, எதிரே ஆள் இருந்தார், போனை வைக்கச் சொன்ன வார்த்தை அது, அப்புறம் பயந்து லீவு என்று சொன்னேன், அறிக்கையில் உங்கப்பா மேல் பழியைப் போட்டதில் என் கையெழுத்தும் இருக்கிறது என்று சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்க வாய் வரவில்லை.

 

மஞ்சுளா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

"எழுதறேன். உங்கம்மாகிட்ட நான் போன்லயும்..."

"போன்ல வேணாம். வாயில சொன்னதுலதான எங்கப்பா போனாரு. எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு. கம்பெனிக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்கு ஒண்ணு."

7

இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டிலும் சரி என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் தவிர வேறெங்கும் எழுதாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கே நான்கு முறை திருத்த வேண்டியிருந்தது. அப்பாவின் பெயரைத் தள்ளிவிட்டு, என் பெயரில் கையெழுத்துப் போட்டேன். இங்குள்ள தபால் நிலையத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அனுப்புநர் பெயர் வேண்டும் என்று தகராறு வந்தது. உறைக்கு மேலே பெருமாள் என்றும் எழுத வேண்டியதாயிற்று.

விசாரணையை மறுபடி திறக்கிறோம், அதுவரை வேலை இல்லை என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நியாயம்தான். ஒன்பதரை மணிக்கு இப்போது ஹெட்போன் மாட்டுவதில்லை. அகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்ததா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாமலே இறந்துபோனாள் என்றேன். அந்த ஞாயிறு மீனு திரையில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

நேற்று மஞ்சுளாவிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"சார், கடுதாசி வந்துச்சு. அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. நான்தான் கன்னடத்துல சொல்லிச் சொல்லிப் படிச்சேன். முடிச்சதும், அப்போ லீவுன்னு ஒண்ணு இல்லவே இல்லியான்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். ஏணி போட்டுப் பரண்லேர்ந்து பையை இறக்கினாங்க. சேலைய எடுத்துக் கொடியில போட்டாங்க. அப்பா சட்டையைக் கையில வெச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. போறதுக்கு ஒரு ஊராவது இருந்துச்சு, அதையும் எடுத்துட்டாருன்னாங்க. அப்புறம், சரின்னாங்க."

இத்தனை ஆண்டுகள் அந்த அம்மாளுக்கு நான் கொடுத்தது ஒரு பொய். அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு நாளைக் கட்டியிருந்தார். உண்மையைச் சொல்லி அதையும் பிடுங்கியிருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எழுத வரவில்லை. சொன்னதால் மனம் லேசாகிவிட்டது என்றும் எழுத முடியாது.

கன்னடத்திலும் அது சரிதான். காதில் விழுந்தது என்ற சரியா, பார்த்துவிட்டேன் என்ற சரியா என்று மஞ்சுளாவிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. "சரின்னாங்க" என்பதற்குப் பிறகு, அவள் பதிவுப் பட்டனை விடும் வரை, அந்தப் பதிவில் ஒரு மூச்சு நேரம் வெறும் சத்தம் ஓடுகிறது. தூரத்தில் ஒரு பஸ், ஒரு கோழி. நேற்றிலிருந்து அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் ஓட்டலாம் என்பது ஏழாம் நம்பர் வழக்கம். மஞ்சுளாவுக்குப் பதில் பேச அழுத்த வேண்டிய பட்டனுக்கு மேலே இருக்கிற கையை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.